சோலை ஏன் மடிப்பில், புல் ஏன் மேட்டில்? நுண்காலநிலைத் தரவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியின் மேற்பகுதியிலோ பழனி மலையின் மேற்பகுதியிலோ நடந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். மேடெல்லாம் புல். மலை மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. இரண்டுக்கும் நடுவில் இடைநிலை என்று எதுவும் இல்லை. ஓரடி எடுத்து வைத்தால் புல்லிலிருந்து காட்டுக்குள் வந்துவிடுகிறோம். அதே உயரம், அதே மழை, அதே வெயில். மரத்துக்கும் புல்லுக்கும் இந்த எல்லையைப் போட்டுக் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு விடை தேடும்போதுதான் நுண்காலநிலைத் தரவின் அருமை புரிகிறது. அதனால் கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் அந்தச் சோலையைச் சுற்றியே வரும்.

நுண்காலநிலை என்றால் என்ன?

ஒரு செடி இருக்கும் இடத்தில், அந்தச் செடியின் உயரத்தில் நிலவும் வெப்பம், ஈரம், ஒளி, காற்று. ஊட்டியின் காலநிலை என்று ஒன்று உண்டு. ஆனால் எந்தச் செடியும் அதில் வாழ்வதில்லை. ஒரு பாறையின் நிழலிலோ, ஓடைக்கரையிலோ, புல் தூருக்கு நடுவிலோதான் அது வாழ்கிறது.

புதிய துறை போலத் தோன்றினாலும் இது பழையது. ஜெர்மனியின் தாவரவியலாளர் கிரிகோர் கிராவுஸ், மிகச் சிறிய இடங்களின் மண்ணையும் காலநிலையையும் பற்றித் தம் நூலை 1911-இல் வெளியிட்டார். ருடால்ஃப் கைகர், தரையை ஒட்டிய காற்றடுக்குக்கென்றே 1927-இல் ஒரு நூல் எழுதினார். அப்போது இல்லாதது மலிவான கருவி மட்டும்தான்.

வானிலை நிலையத்தின் தரவு போதாதா?

பயிருக்கும் விமானத்துக்கும் போதும். நாற்றுக்குப் போதாது.

வானிலை நிலையத்து வெப்பமானி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திறந்த வெளியில், குட்டையான புல்லின் மேல், காற்றோட்டத்துக்குச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில். மரம், சரிவு, மண் ஆகியவற்றின் தாக்கத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, ஊருக்கு ஊர் ஒப்பிடத்தக்க எண்ணைப் பெறுவதற்காக அமைந்த ஏற்பாடு அது. நாம் தெரிந்துகொள்ள விரும்புவதோ அங்கே ஒதுக்கப்பட்ட விஷயங்களைத்தான்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். நிலையங்கள் குறைவு என்பதால், அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தைக் கணக்குப் போட்டு நிரப்பி உலக வரைபடங்கள் தயாரிக்கிறார்கள். பெரிதும் பயன்படும் வரைபடங்களில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். நீலகிரியில் அந்த ஒரு கட்டத்துக்குள் ஒரு மேடு, இரண்டு சோலை, ஒரு சதுப்பு, ஒரு தேயிலைத் தோட்டம் எல்லாம் அடங்கிவிடும். இனங்களின் பரவலை ஆராயும் ஆய்வுகளில் கட்டத்தின் நீளம், ஆராயப்படும் தாவரத்தைவிடச் சராசரியாக ஆயிரம் மடங்கு பெரிது என்று 2013-இல் ஒரு குழு கணக்கிட்டது. மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வீட்டில் தொலைந்த சாவியைத் தேடுவது போன்ற வேலை அது.

நிலையத்தில் 3 டிகிரி என்கிறார்கள்; புல்வெளியோ வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. எது பொய்?

இரண்டும் மெய். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் ஆண்டுதோறும் பார்க்கக்கூடியது இது.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் புல்லும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கின்றன. பகலில் வாங்கி வைத்த வெப்பம் மண்ணில் இருக்கிறதுதான். ஆனால் புல் நடுவில் மெத்தை போலக் கிடந்து அதை மேலே வரவிடுவதில்லை. எனவே புல்லின் நுனி, அதற்கு மேலே உள்ள காற்றைக் காட்டிலும் பல டிகிரி குளிர்ந்துவிடுகிறது. பெட்டிக்குள் 3 டிகிரி இருக்கும்போதே புல்நுனி 0-க்குக் கீழே போயிருக்கும். வானிலைத் துறையினர் சில இடங்களில் புல்நுனி உயரத்தில் தனியாக ஒரு வெப்பமானி வைப்பதற்குக் காரணமும் இதுதான்.

உறைபனி விழுகிறது, கொட்டுகிறது என்று நாம் சொல்வது வழக்கு. உண்மையில் அது எங்கிருந்தும் விழுவதில்லை. காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த இலையின் மேலேயே படிந்து உறைகிறது.

சோலைக்குள் நுழைந்தால் என்ன மாறுகிறது?

இரவில் நுழைந்தால் வெதுவெதுப்பு, பகலில் நுழைந்தால் குளிர்ச்சி. மரக்கூரை தரைக்கும் வானத்துக்கும் நடுவில் போர்வையாக நின்று வெப்ப இழப்பைத் தடுக்கிறது. பகலில் அதே கூரை வெயிலை வடிகட்டிவிடுகிறது. உலகின் பல காடுகளில் எடுத்த அளவுகளைத் திரட்டிய 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்று, திறந்த வெளியோடு ஒப்பிட்டால் காட்டுக்குள் உச்ச வெப்பம் சராசரியாக 4.1 டிகிரி குறைவு என்றும், தாழ்ந்த வெப்பம் 1.1 டிகிரி கூடுதல் என்றும் கண்டது.

1.1 டிகிரி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். உறைநிலைக்கு அருகில் நிற்கும் நாற்றுக்கு அது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும் என்றால் சோலை அங்கே எப்படி வளர்கிறது?

நல்ல கேள்வி. பலரும் இதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

குளிர்காற்று கனமானது, இரவில் சரிவில் தண்ணீர் போலவே வழிந்து இறங்கும். அது தேங்குவது அகன்ற, தட்டையான, வெளியேற வழியில்லாத அடிநிலங்களில். ஆஸ்திரியாவில் குரூன்லோக் என்ற கிண்ணம் போன்ற பள்ளம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,270 மீட்டர்தான் உயரம். ஆனால் 1932-இல் அங்கே மைனஸ் 52.6 டிகிரி பதிவாயிற்று. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் மரங்கள் நிற்கின்றன, அடியில் புல்லும் குறுஞ்செடியும் மட்டுமே. மேலே போகப் போக மரம் குறையும் என்ற பாடம் அங்கே தலைகீழ்.

நீலகிரியிலும் அகன்ற அடிநிலங்களைப் பாருங்கள்: புல்லும் சதுப்பும்தான். சோலை பிடித்திருப்பது சரிவின் மடிப்புகளை. அங்கே மண் ஆழம், நீர்க்கசிவு உண்டு, மேட்டுக்காற்றின் வீச்சும் குறைவு. வழிந்து வரும் குளிர்காற்றும் தங்காமல் இறங்கிவிடுகிறது. ஆக, பள்ளம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். மடிப்பு வேறு, கிண்ணம் வேறு. தேயிலை விவசாயிக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே தோட்டத்தில் எந்தப் பாத்தி முதலில் கருகும் என்று கை நீட்டிக் காட்டுவார்.

உறைபனிதான் காரணம் என்று எப்போது சொன்னார்கள்?

வனத்துறையைச் சேர்ந்த சி. ஆர். ரங்கநாதன் 1938-இல் நீலகிரியின் சோலை, புல்வெளி பற்றி எழுதியபோது உறைபனியை முன்னிறுத்தினார். சோலை மரங்களின் நாற்றுகள் திறந்த வெளியின் உறைபனியைத் தாங்குவதில்லை என்பது வாதத்தின் சாரம். எதிர்த்தரப்பு தீயையும் மேய்ச்சலையும் கைகாட்டியது. மலைவாழ் மக்கள் எரித்தும் மேய்த்தும் காட்டை அழித்ததால் வந்ததே புல்வெளி என்ற எண்ணம் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. எருமை மேய்க்கும் தோடர்கள் மேல் பழியைப் போடவும், புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி மரம் நடவும் அந்த எண்ணம் வசதியாக அமைந்தது.

அந்தக் கதையின் ஒரு பாதியை உடைத்தது ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்பு மண். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனைச் சேர்க்கும் முறை வேறு. மக்கிய பின்னும் அந்த வேறுபாடு கார்பனின் ஐசோடோப்பு விகிதத்தில், அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தில், தங்கிவிடும். ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட முடிவுகள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாக அங்கே புல்லும் மரமும் காலநிலைக்கேற்ப மாறி மாறி மேலோங்கி வந்ததைக் காட்டின. கோடரியும் எருமையும் மலையேறுவதற்கு எவ்வளவோ முன்பே புல் அங்கே இருந்திருக்கிறது.

வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே சோலையா, சோலை இருப்பதால் அங்கே வெதுவெதுப்பா?

இந்தப் பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான் என்பேன். சோலைக்குள் ஒரு கருவி, புல்வெளியில் ஒரு கருவி வைத்து, இரவு வெப்பம் இத்தனை டிகிரி வேறுபடுகிறது என்று வரைபடம் போடுவது எளிது. அதிலிருந்து உறைபனியே எல்லையைப் போட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. கூரை இருப்பதால்தானே உள்ளே வெப்பம்? விளைவை எடுத்துக் காரணம் என்று சொல்லிவிடும் அபாயம் இங்கே எப்போதும் உண்டு.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, விதையையும் நாற்றையும் இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த குழு அதைத்தான் செய்தது; முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. சோலை மர இனங்களையும் அயல் மரங்களையும் சோலையிலும் புல்வெளியிலும் வளர்த்தார்கள். மண்ணை மாற்றிப் பார்த்தார்கள். புல்வெளியில் சில இடங்களில் இரவுக் குளிரைச் சற்றே தணித்தும் பார்த்தார்கள். எந்த மண்ணாக இருந்தாலும் புல்வெளியில் நாற்றுகள் பிழைப்பது குறைந்தது. ஆக மண் அல்ல, திறந்த வெளியின் குளிரும் உறைபனியுமே முதல் தடை.

இதிலிருந்து எழும் சித்திரம் வேடிக்கையானது. புல் இருக்கும் இடத்தில் உறைபனி, உறைபனியால் மரம் வராது, மரம் வராததால் புல் நீடிக்கும். மரம் இருக்கும் இடத்தில் உறைபனி இல்லை, அதனால் நாற்று பிழைக்கும், மரம் நீடிக்கும். இரண்டும் தத்தம் காலநிலையைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. கேள்வியில் உள்ள இரண்டு பாதியும் சரி என்பதுதான் விடை. ஆஸ்திரேலிய மலைகளிலும் இதே கைவரிசை தெரிகிறது: யூகலிப்டஸ் குடும்பத்துப் பனிமர நாற்றுகளைப் புல்லின் நடுவிலும் வெற்று மண்ணிலும் வளர்த்துப் பார்த்தபோது, புல்லின் மேல் இரவுக் காற்று கூடுதலாகக் குளிர்ந்து நாற்றின் வளர்ச்சியைக் குன்றச் செய்வது 1997-இல் நிறுவப்பட்டது.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? சராசரி வெப்பம் போதுமா?

சராசரியைப் போலப் பொய் சொல்லும் எண் வேறில்லை. ஓரிடத்தில் பகல் 22 டிகிரி, இரவு 8 என்று வையுங்கள். இன்னோரிடத்தில் பகல் 32, இரவு மைனஸ் 2. இரண்டுக்கும் நடு எண் 15. முதல் இடத்தில் நாற்று வளரும். இரண்டாவதில் ஒரே இரவில் கருகும்.

அதனால் தாழ்ந்த வெப்பம், 0-க்குக் கீழே கழிந்த மணிநேரம், உறைபனி இரவுகளின் எண்ணிக்கை, முதல் உறைபனி வந்த தேதி ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்கிறார்கள். உறைபனிக்கு மறுநாள் காலை வெயிலையும் கவனிக்க வேண்டும். குளிரில் விறைத்த இலையின் மேல் சுள்ளென்று ஒளி விழுந்தால், அந்த ஒளியைப் பயன்படுத்த முடியாமல் இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பே பழுதாகிறது. கிழக்குப் பார்த்த சரிவும் மேற்குப் பார்த்த சரிவும் ஒரே குளிரை வாங்கினாலும் ஒரே சேதத்தை அடையாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிஞ்சித் திணைக்குச் சிறுபொழுது யாமம் என்றும் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்றும் தொல்காப்பியம் வகுத்தது காதலுக்காக, தாவரவியலுக்காக அல்ல. இருந்தாலும் நிலத்தைச் சொன்ன கையோடு பருவத்தையும் வேளையையும் சொல்லும் அந்தப் பழக்கம், ஆண்டுச் சராசரியோடு நின்றுவிடும் வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும்.

கருவிகள் எப்படி இருக்கும்?

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வகை உண்டு. உள்ளே பேட்டரியும் நினைவகமும் இருக்கும், மாதக்கணக்கில் தானே பதிந்துகொண்டிருக்கும். செக் நாட்டில் தயாராகும் இன்னொரு வகை, காளான் போலத் தரையில் நிற்கும்: மண்ணுக்குள் ஒரு வெப்ப உணரி, தரையை ஒட்டி ஒன்று, தரையிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒன்று, கூடவே மண் ஈரத்தையும் அளக்கும். கால்மணிக்கு ஒரு முறை பதிந்தால் ஆண்டுக்கு ஓர் உணரியிலிருந்து 35,000-க்கு மேற்பட்ட அளவுகள்.

கருவியைவிட அதை வைக்கும் விதம்தான் வித்தை. நேர் வெயில் பட்டால் உணரி தன் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டை அல்ல. வெள்ளை மறைப்பு வேண்டும். அந்த மறைப்பே காற்றை அடைத்துவிடவும் கூடாது. காட்டெருது மிதிக்கும், பன்றி கிளறும், எறும்பு குடியேறும். யாராவது எடுத்துக்கொண்டு போவதும் உண்டு.

மலை முழுக்கக் கருவி வைக்க முடியாதே?

முடியாதுதான். சில இடங்களில் அளந்து, சரிவு, சரிவின் திசை, மரக்கூரை அடர்த்தி, நீர்நிலையின் தொலைவு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி மற்ற இடங்களைக் கணக்கிடுகிறார்கள். வெப்பம் எப்படி வருகிறது, போகிறது என்ற இயற்பியலிலிருந்தே கணக்கிடும் மென்பொருள்களும் இருக்கின்றன. உலகெங்குமுள்ள 8,500-க்கு மேற்பட்ட உணரிகளின் தரவைச் சேர்த்து 2022-இல் மண் வெப்ப வரைபடங்கள் வெளிவந்தன. மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம், வழக்கமான காற்று வெப்ப வரைபடங்களிலிருந்து சராசரியாக 3 டிகிரியும், சில இடங்களில் 10 டிகிரி வரையும் விலகியிருந்தது. விதை முளைப்பது மண்ணில் என்பதை நினைத்தால், பழைய கணிப்புகள் பலவற்றை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

வெப்பம் மட்டும்தானா?

இல்லை. பாசியும் மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டும் சோலைக்குள் செழிப்பதற்குக் காற்றின் ஈரமும் மஞ்சு மூட்டமும் பெரிய காரணம். மண் ஈரம், ஒளி, காற்று எல்லாம் கணக்கில் வரும். வெப்பத்தை அளப்பது மலிவு என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். இது துறையின் பலவீனங்களில் ஒன்று.

சீகை மரம் மட்டும் புல்வெளியில் எப்படிப் பரவுகிறது?

தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் வேறு. மலையில் சீகை என்று சொல்வது, ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்து, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் நடப்பட்ட மரத்தை. மேலே சொன்ன 2020 ஆய்வில் இதையும் சேர்த்திருந்தார்கள். புல்வெளியில் இதற்கும் சேதம் உண்டு. ஆனால் சோலை மரங்களின் நாற்றுகளைவிட அதிகமாகப் பிழைத்தது. இரவைச் சற்றே வெதுவெதுப்பாக்கியபோது இன்னும் நன்றாகப் பிழைத்தது.

கவலை அங்கேதான். புவி சூடாகி உறைபனி இரவுகள் குறைந்தால், திறக்கும் கதவில் முதலில் நுழையப்போவது சோலை மரமல்ல, சீகை. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோப்புகளுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் கூறியது. குறிஞ்சி பூக்கும் நிலமும் அதில் அடக்கம்.

இலங்கையிலும் இப்படி உண்டா?

உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் 2,100 மீட்டருக்கு மேல் பத்தனை என்று அங்கே சொல்லும் புல்வெளியும் மலைக்காடும் இதே போல அருகருகே கிடக்கின்றன. உறைபனியும் உண்டு. நீலகிரியின் காட்டுப் பூவரசுக்கு நெருங்கிய உறவான ரோடோடென்ட்ரான் அங்கேயும் புல்வெளியில் தனித்து நிற்கும்.

மரம் நடுவோருக்கு இதனால் என்ன பயன்?

முதல் பயன், நடக்கூடாத இடம் தெரியும். புல்வெளியின் நடுவில் சோலைக் கன்றுகளை வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொள்வது புல்வெளிக்கும் கேடு, கன்றுக்கும் சாவு. சிதைந்த சோலையை மீட்க வேண்டுமானால் இருக்கும் மரங்களின் நிழலிலும் ஓரத்திலும் தொடங்கி வெளிப்பக்கமாக நகர்வதே பொருத்தம். கூரை இருக்கிற இடத்தில் நாற்றுக்குப் போர்வை இலவசம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் மலர்ச்செடிகளின் மேல் மிலார் என்ற செடியின் தழையை மூடி வைப்பதும் இதே இயற்பியல்தான்.

எங்கள் தோட்டத்தில் நாங்களே அளக்கலாமா?

தாராளமாக. மூன்று சாதாரண வெப்பமானிகள் போதும்: உயர்ந்த தாழ்ந்த அளவைக் குறித்து வைக்கும் வகையாகப் பாருங்கள். ஒன்றை மேட்டில், ஒன்றைத் தாழ்ந்த பாத்தியில், ஒன்றை மரத்தடியில், மூன்றையும் பயிரின் உயரத்திலேயே வையுங்கள். வைப்பதற்கு முன் மூன்றையும் ஓரிரவு ஒரே இடத்தில் சேர்த்து வைத்து ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பின்னால் கழித்துவிடலாம். விடியுமுன் படிக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகு அல்ல. அளவோடு வானம் தெளிவா மேகமா, காற்று உண்டா இல்லையா என்றும் ஒரு வரி எழுதி வையுங்கள்.